இன்றைக்கு என்ன இருக்கிறது? கேமரூனில் மூன்று வருடச் சாப்பாடு

கேமரூனின் துறைமுக நகரமான டுவாலாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உணவகம். மெனு அட்டை நிறையப் பெயர்கள். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். பரிமாறிய அம்மா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். ஐந்தாவதும் இல்லை என்றானதும் பக்கத்து மேசைக்காரர் என் பக்கம் திரும்பி, "அட்டையை மூடி வையுங்கள். இன்றைக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். ந்தோலே என்ற கீரைக் குழம்பு இருந்தது, பொரித்த மீன் இருந்தது. இரண்டும் அன்று காலையில் சமைத்தவை, சூடு ஆறாமல் இருந்தன.

2016 முதல் 2019 வரை மூன்று வருடம் அந்த நாட்டில் இருந்தேன். வெளியே சாப்பிடுவதைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொடங்கியதுதான். பிரெஞ்சில் "இல்யா குவா ஓஜூர்துயி?" என்று கேட்க வேண்டும். கேமரூனுக்குப் போகிறவர்கள் வணக்கம் சொல்லக் கற்றதும் அடுத்தபடியாக இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

காரணம் எளிது. சின்னக் கடைகளைப் பெரும்பாலும் நடத்துவது ஒரு பெண். துணைக்கு மகளோ தங்கையோ இருப்பார். விடியற்காலையில் சந்தைக்குப் போய், அன்றைக்கு எது நன்றாக இருக்கிறதோ அதை வாங்கி, இரண்டு மூன்று பெரிய பாத்திரங்களில் சமைக்கிறார். பாத்திரம் காலியானால் அன்றைய கடை முடிந்தது. 12 மணிக்குப் போனால் நல்ல சாப்பாடு. இரண்டரைக்குப் போனால் அடியில் மிஞ்சியதுதான்.

இந்தத் தெருவோரக் கடைகளுக்கு "தூர்ன்தோ" என்று பெயர். முதுகைத் திருப்புவது என்று அர்த்தம். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, எதிரே பாத்திரங்களோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தபடி சாப்பிடுவதால் வந்த பெயர். நம் ஊர்க் கையேந்தி பவனுக்கு ஒரு பெஞ்சு போட்டால் எப்படி இருக்கும், அப்படி. மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் தாராளமாகக் காட்டுவார்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆவி பறக்கிறதா, எண்ணெய் மேலே தெளிந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காரலாம்.

குழம்பைச் சொன்னதும் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "கொம்ப்ளமாங்?" தொட்டுக்கொள்வது எது என்று நாம் கேட்போம், அங்கே குழம்புதான் முதலில், அதற்குத் துணையாக வயிற்றை நிரப்புவது எது என்று கேட்கிறார்கள். சோறு, அவித்த வாழைக்காய், பழுத்த நேந்திரம் மாதிரியான வாழையின் பொரியல், மரவள்ளியில் செய்த மியோண்டோ அல்லது பொபோலோ, இவற்றில் ஒன்று. புதிதாகப் போன தமிழர்கள் எல்லோரும் பழக்கதோஷத்தில் சோறு என்றுதான் சொல்வோம். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் சொன்னேன். ந்தோலேயைச் சோற்றோடு சாப்பிட்டால் பாதி ருசிதான் தெரியும். இதை எனக்குப் புரிய வைத்தவர் என் எதிர்வீட்டு அம்மா.

கடலோர டுவாலா இனத்தைச் சேர்ந்தவர் அவர். தெருவே அவரை "மம்மா" என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டுப் பின்கட்டில் ந்தோலே செய்வதை முழுதாகப் பார்த்தேன். ந்தோலே என்பது கீரையின் பெயரும்கூட, கசப்பான கசப்பு. கிள்ளிய இலையை, சமையல் சோடா மாதிரி வேலை செய்யும் காரக்கல் போட்டு வேக வைத்தார். பிறகு பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றி, துணி கசக்குவது போல இரண்டு கையாலும் கசக்கினார். தண்ணீர் கரும்பச்சையாகி நுரை கிளம்பியது. கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர், மறுபடி கசக்கல். நான்காவது தண்ணீரில்தான் நுரை அடங்கியது. ஒரு இலையை வாயில் போட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கசப்பு இருக்கட்டும் மகனே, முழுதாகப் போனால் அது ந்தோலே இல்லை" என்றார். கீரையை எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிழிந்து தட்டில் அடுக்கி வைத்தார்.

வறுக்காத வேர்க்கடலையைத் தோல் நீக்கி, வேக வைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்தார். வெங்காயம், பூண்டு, காய்ந்த பொடி இறால், அதோடு கடலை விழுது. அது அடி பிடிக்காமல் கொதித்து எண்ணெய் கக்கிய பிறகுதான் கீரை உள்ளே போனது. கடைசியில், எண்ணெயில் வதக்கிய வெங்காயமும் முழு இறாலும் மேலே. போர்த்துகீசியர்கள் டுவாலா வழியாக ஓடும் வூரி ஆற்றை "இறால் ஆறு" என்று அழைத்தார்கள். கமரோயின்ஸ் என்ற அந்த இறால்தான் நாட்டுக்கே கேமரூன் என்று பெயராகிவிட்டது. மம்மா அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டேதான் இறாலை வதக்கினார்.

சாப்பிட மியோண்டோ கொடுத்தார். விரல் தடிமனில், இலையில் சுற்றி நார் கட்டிய மரவள்ளிக் குச்சி. மரவள்ளியைச் சில நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, புளித்ததும் அரைத்து, இலையில் கட்டி அவிப்பது. ஊற வைப்பது மென்மைக்காக மட்டும் இல்லை. கிழங்கில் இருக்கும் சயனைடு விஷம் அதில்தான் போகிறது. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். ஜவ்வரிசி ஆலைத் தொட்டிகளில் மரவள்ளி மாவு புளிக்கும் வாசனையில் வளர்ந்தவன். மியோண்டோவின் இலையைப் பிரித்ததும் அதே வாசனை. முதல் வாய் பசை மாதிரி இருக்கும், லேசாகப் புளிக்கும். அந்தப் புளிப்பு ந்தோலேயின் கசப்பையும் கடலையின் கொழுப்பையும் பிடித்து நிறுத்துகிறது. அதற்குப் பிறகு ந்தோலேக்குச் சோறு கேட்டதில்லை.

இப்படி ஒவ்வொரு குழம்புக்கும் ஒரு துணை இருக்கிறது. அதை மாற்றிக் கேட்டால் கடைக்கார அம்மாவின் முகமே மாறும். நூல் மாதிரி நறுக்கிச் சமைக்கும் "எரு" என்ற கீரைக்கு, புளித்த மரவள்ளிக் களி. பசாப் பகுதியின் கருப்புக் குழம்பான ம்போங்கோவுக்கு அவித்த வாழைக்காய். தெரியவில்லை என்றால் "நீங்கள் எதோடு சாப்பிடுவீர்கள்?" என்று அவரையே கேட்டுவிடுங்கள். நான் கேட்டவரை யாரும் தப்பாகச் சொன்னதில்லை.

காலைச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நமக்கு எளிதாகப் பிடித்துவிடும். பெஞ்ஞே, ஆரிகோ, பூயி: மைதா போண்டா, சிவப்பு பீன்ஸ், சோளக் கஞ்சி. தெருமுனையில் பெரிய வாணலியோடு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். இங்கே எண்ணிக்கை சொல்லி வாங்கக் கூடாது, காசு சொல்லி வாங்க வேண்டும்: "பெஞ்ஞே 100, ஆரிகோ 100." அப்போது ஒரு ரூபாய்க்கு 8, 9 பிராங் கிடைக்கும். எனவே 200 பிராங்கில், நம் கணக்கில் 25 ரூபாய்க்குள், வயிறு நிறைந்தது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், 10,000 பிராங் நோட்டோடு போகாதீர்கள். சில்லறை அங்கே பெரிய பிரச்சினை. நீட்டினால் அவர் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும், உங்கள் பின்னால் வரிசை நிற்கும். நான் ஞாயிற்றுக்கிழமையே பெரிய கடையில் நோட்டு மாற்றி, வாரத்துக்குத் தேவையான நாணயங்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வேன்.

சாயங்காலம் என்றால் சுட்ட மீன். அதைப் பற்றிச் சொல்லாமல் டுவாலாவைப் பற்றிச் சொல்ல முடியாது. தெய்தோ பகுதியில் "ரூ த லா ஜுவா", மகிழ்ச்சித் தெரு என்றே ஒரு தெரு உண்டு. இரவு ஏழு மணிக்கு மேல் இரண்டு பக்கமும் பாதியாக வெட்டிய பீப்பாய்களில் கரி கனன்றுகொண்டிருக்கும். மீன் சுடும் பெண்கள் தட்டில் பச்சை மீனை அடுக்கி வைத்திருப்பார்கள். கானாங்கெளுத்தி விலை குறைவு, பார் என்கிற மீன் அதிகம். மீனை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், விலை பேச வேண்டும், அதற்குப் பிறகுதான் அது நெருப்புக்குப் போகும். இந்த வரிசை மாறக் கூடாது. வேறொரு ஊரின் கடற்கரையில் நான் மாற்றிவிட்டேன். பசியில் பெரிய மீன் ஒன்றைக் காட்டிச் சுடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சாப்பிட்ட பிறகு 8,000 பிராங் என்றார்கள். டுவாலாவில் அதே அளவு மீனுக்கு 3,000 கொடுத்துப் பழகியவன் நான். சுட்ட பிறகு பேரம் கிடையாது, கொடுத்துவிட்டு வந்தேன். துணைக்கு வரும் மியோண்டோ, பொரித்த வாழைப்பழம் எல்லாம் தனிக் கணக்கு என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன் வர முக்கால் மணி நேரமாவது ஆகும். அவசரப்படுத்தாதீர்கள். அந்த நேரத்தில் அவர் செய்வதைப் பாருங்கள். மீனைக் குறுக்காகக் கீறி, பூண்டு, இஞ்சி, செலரி, பார்ஸ்லி, ஞான்சாங் என்ற விதை, வெள்ளை மிளகு எல்லாம் சேர்த்து அரைத்த பச்சை விழுதை ஒவ்வொரு கீறலிலும் விரலால் திணிப்பார். சுடும்போது தூரிகையால் எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பார். வெள்ளை மிளகு நல்லதென்றால் அது பெஞ்சாவிலிருந்து வந்தது. டுவாலாவுக்கு வடக்கே எரிமலை மண்ணில் விளைவது; 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது. மிளகுக்குத் தாய்நாடு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்தக் கொடி அங்கே போய், பழுத்த மிளகைத் தண்ணீரில் ஊற வைத்துத் தோலுரித்து, இப்படி ஒரு மணத்தோடு திரும்பி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வாய்ப்பிருந்தால் கால் கிலோ வாங்கி வந்து ரசத்தில் போட்டுப் பாருங்கள்.

மீன் வருவதற்கு முன்னால் ஒரு பெண் பேசினும் சொம்பும் சோப்புமாக வந்து கையில் தண்ணீர் ஊற்றுவார். மீனைக் கையால்தான் பிய்த்துச் சாப்பிட வேண்டும், வலது கையால். இதில் தமிழர்களுக்குப் பாடமே தேவையில்லை. முள் கரண்டியோடு தடுமாறும் ஐரோப்பிய சக ஊழியர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு நெருக்கம் இருந்தது. மிளகாய் விழுது தனியாகக் கிண்ணத்தில் வரும். ஆந்திராக் காரம் சாப்பிட்டவன் என்ற தைரியத்தில் அள்ளிப் போடாதீர்கள். அந்த மஞ்சள் மிளகாயின் காரம் வேறு வகை. முதலில் விரல் நுனி அளவு போதும்.

சைவர்களுக்கும் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் இப்போது சொல்லப் போவதுதான் முக்கியம். கேமரூன் தெருக்களில் மாலையில் "சோயா" என்று விற்பார்கள். அது சோயா பீன்ஸ் இல்லை. வேர்க்கடலைப் பொடியும் மசாலாவும் தடவிக் குச்சியில் குத்திச் சுடும் மாட்டிறைச்சி. என்னோடு வேலை பார்த்த, பிறந்ததிலிருந்து சைவமான ஒரு பையன், பெயரைக் கேட்டு நம்பி வாங்கி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டான். அன்று இரவு முழுக்க அவன் பட்ட வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே இதைச் சொல்வதை அதற்குப் பிறகு கடமையாகவே வைத்துக்கொண்டேன். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குச் சோயா அருமையான பண்டம். தலைநகர் யாவுண்டேயில் பிரிக்கெத்திரி பகுதி இதற்குப் பேர் போனது. சுடுகிறவர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த முஸ்லிம்கள், அதனால் ஹலால் தேடுகிறவர்களும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இரண்டாவது விஷயம், "சாங் வியாந்து", அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. மீன் அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. மீனும் வேண்டாம் என்றாலும் பொடி இறால் உள்ளே இருக்கும். நம் சென்னாக்கூனி மாதிரிதான். ருசிக்காகக் கீரையில், குழம்பில், சில கடைகளில் பீன்ஸில்கூடப் போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, சொல்ல வேண்டும் என்று தோன்றாது. எனவே இறைச்சி, மீன், இறால் பொடி என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மேகி என்ற மசாலாக் கட்டியும் எல்லாவற்றிலும் விழும். கோழி வாசனைக் கட்டியா என்று கேட்பது உங்கள் கட்டுப்பாட்டைப் பொறுத்தது.

சைவருக்கு அங்கே வழியே இல்லை என்று சொல்கிறவர்கள் கொக்கி சாப்பிட்டதில்லை என்றுதான் அர்த்தம். தட்டைப்பயறை ஊற வைத்து, தோலை நீக்கி, அரைத்து, காற்று ஏறும் வரை அடித்து, சூடாக்கிய செம்பனை எண்ணெயும் மிளகாயும் உப்பும் சேர்த்து, வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி அவிப்பது. இலையைப் பிரித்தால் மஞ்சள் நிறத்தில் ஆவியோடு ஒரு கட்டி. அவித்த வாழைக்காயோடு சாப்பிட வேண்டும். அந்தச் சைவப் பையனை அவன் வேதனை தீர்ந்த அடுத்த வாரம் கொக்கி விற்கும் ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனேன். பிறகு வாரத்துக்கு மூன்று நாள் அவனுக்கு அதுதான் மதியச் சாப்பாடு. மழைக்காலத்தில் சாஃபு என்றொரு ஊதாப் பழம் வரும். கரியில் சுட்டால் வெண்ணெய் மாதிரி குழைந்து லேசாகப் புளிக்கும். சுட்ட வாழையோடு அதையும் சாலையோரத்திலேயே விற்பார்கள். வெண்ணெய்ப்பழத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவ்வளவு மலிவு.

வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். மேற்கில் ஆங்கிலம் பேசும் இரண்டு மாகாணங்களில் 2016 கடைசியில் தொடங்கிய போராட்டம் மோசமாகி, பலர் டுவாலாவுக்கு இடம்பெயர்ந்து வந்தார்கள். வூரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொனாபெரியில் இருந்த அப்படி ஒரு குடும்பம் என்னை அச்சு சாப்பிடக் கூப்பிட்டது. சேப்பங்கிழங்கு வகையை அவித்து, இழுபடும் வரை உரலில் இடித்து, தட்டில் பரப்பி நடுவில் கிணறு மாதிரி குழித்து, அதில் மஞ்சள் ரசத்தை ஊற்றுவார்கள். செம்பனை எண்ணெயில் காரக்கல் தண்ணீர் சேர்ந்ததும் சிவப்பு மஞ்சளாக மாறுகிறது. ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து ஓரத்திலிருந்து வழித்துச் சாப்பிட வேண்டும். கரை உடைந்து ரசம் வெளியே ஓடிவிடக் கூடாது. வீட்டுக்காரர் விரலைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சாப்பிடும்போது அவர் தன் ஊரில் விட்டுவந்த கிழங்குக் கொல்லையைப் பற்றிப் பேசினார். டுவாலாச் சந்தைக் கிழங்கு அந்த அளவுக்கு இழுபடாது என்றார். அச்சில் மாட்டுத் தோலும் குடலும் போடுவது வழக்கம். நான் மாடு சாப்பிடமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்ததால் எனக்காகக் கோழி சமைத்திருந்தார்கள். முன்கூட்டியே சொல்வதில் கூச்சமே வேண்டாம். வந்து உட்கார்ந்த பிறகு மறுப்பதுதான் அவர்களை வருத்தும்.

அன்று என் தட்டில் கோழியின் இரைப்பையை வீட்டுக்காரரே எடுத்து வைத்தார். அங்கே பல இனங்களில் அது குடும்பத் தலைவருக்கு உரியது. விருந்தாளிக்குக் கொடுத்தால் பெரிய மரியாதை. பிடிக்கிறதோ இல்லையோ, அதைத் தட்டில் ஒதுக்கி வைத்துவிடாதீர்கள்.

ஒதுக்க வேண்டியது ஒன்று உண்டு: காட்டு விலங்கு இறைச்சி. "வியாந்து த புரூஸ்" என்பார்கள். எறும்புத்தின்னி முதற்கொண்டு சில இடங்களில் கிடைக்கும். எறும்புத்தின்னி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். 2016இல் அதன் எட்டு இனங்களுக்கும் உலக வணிகத் தடை முடிவானது. எபோலா போன்ற நோய்கள் மனிதருக்கு வருகிற வழிகளில் காட்டு இறைச்சியும் ஒன்று. நான் மரியாதையாக மறுத்திருக்கிறேன், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடி பிரிக்காத தண்ணீர் பாட்டில் மட்டும் குடித்தேன். மது வேண்டாதவர்களுக்குச் செம்பருத்தி வகைப் பூவில் செய்யும் ஃபொலேரே அருமை, ஆனால் எந்தத் தண்ணீரில் செய்தார்கள் என்று கேட்டுக் குடியுங்கள். ஒருமுறை ராத்திரி பத்து மணிக்கு, மதியம் சமைத்த கோழிக் குழம்பை ஒரு கடையில் சாப்பிட்டேன். மறுநாள் வாந்தி, காய்ச்சல். வயிறுதான் காரணம் என்று இரண்டு நாள் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மூன்றாம் நாள் மம்மா கட்டாயப்படுத்தி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். மலேரியா. டுவாலாவில் காய்ச்சல் வந்தால் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே பரிசோதித்துவிடுங்கள்.

இன்னொரு வார்த்தை மீதி இருக்கிறது: "ஆஸோ." கூட்டாளி என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். ஒரே கடைக்குத் தொடர்ந்து போனால் கடைக்காரர் உங்களை ஆஸோ என்பார், நீங்களும் அவரை ஆஸோ என்பீர்கள். ஆஸோவுக்கு மீனில் நல்ல துண்டு, கீரையில் ஒரு கரண்டி கூடுதல். அதைவிடப் பெரியது, "இன்றைக்கு அது வேண்டாம், நேற்றையது" என்று காதோடு சொல்லும் அக்கறை. நான் கடை மாற்றிக்கொண்டே இருந்த முதல் வருடம் இது எனக்குக் கிடைக்கவில்லை. தெய்தோவில் ஒரே ஒரு மீன்கார அம்மாவிடம் வெள்ளிதோறும் போகத் தொடங்கிய பிறகுதான் கிடைத்தது. ஊருக்குத் திரும்பும் வாரம் சொல்லிக்கொள்ளப் போனபோது, காய்ந்த ந்தோலே இலை ஒரு பொட்டலமும் ஞான்சாங் ஒரு கைப்பிடியும் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார்.

ஆத்தூரில் அதைச் சமைத்தேன். இலையை வெந்நீரில் ஊற வைத்து, மம்மா செய்தது போல நான்கு தண்ணீர் கசக்கி, நம் ஊர் வேர்க்கடலையை வேக வைத்து அரைத்து ஊற்றினேன். மியோண்டோவுக்கு வழியில்லாததால் மரவள்ளியை வெறுமனே அவித்து வைத்தேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கசப்பு இருக்கு, ஆனா நல்லாருக்கு. இது என்ன கீரை?" என்று கேட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். பொட்டலம் தீர்ந்துவிட்டது. டுவாலாவில் இன்னும் வேலை பார்க்கும் அந்தச் சைவப் பையன் பொங்கலுக்கு வருகிறான். இரண்டு பொட்டலம் சொல்லி வைத்திருக்கிறேன்.